அலுமாரிப் பூட்டைத் திறந்த அறிஞர்: சீகாழி இரங்கநாதன்

நவராத்திரியின் நிறைவிலே நூல்களை அடுக்கிப் பட்டுச் சாத்திச் சந்தனமும் குங்குமமும் இட்டுக் கலைமகளின் திருமுன் வைத்து வணங்குதல் நம் முன்னோர் வகுத்த முறை. சரசுவதி பூசையன்று அந்நூல்களைத் தொட்டுப் படித்தல் ஆகாதென்பர். ஆயின் மறுநாள் விசயதசமியன்று விடிந்ததும் அவற்றை எடுத்துப் பிரித்து ஒரு பக்கமேனும் படித்தே ஆகவேண்டும். சிறுவர்க்கு ஏடு தொடக்குவதும் அன்றுதான். நூலை வணங்குதல் ஒரு நாளைக்கு. நூலைப் படித்தல் ஏனைய நாள்களுக்கு என்பதே இம்முறையின் உட்கருத்தென நாம் கொள்ளுகின்றோம்.

ஆனால் நம் ஊர்களிலே பல சங்கங்களிலும் வாசிகசாலைகளிலும் நடப்பது என்ன? நல்ல நூல்கள் கண்ணாடி அலுமாரிக்குள் வரிசையாக நிற்கின்றன. அலுமாரிக்குப் பூட்டு, பூட்டின் திறப்பு காரியதரிசியின் வீட்டில், காரியதரிசியோ வேலைக்குப் போனால் பொழுதுபட்டுத்தான் திரும்புவார். கண்ணாடிக்கு வெளியே நின்று நூலின் முதுகைப் பார்த்துவிட்டுத் திரும்புகின்றான் இளைஞன். அந்நூல்களுக்கு ஆண்டு முழுவதும் சரசுவதி பூசைதான்; விசயதசமி வருவதேயில்லை.

பிற ஊர்களைக் குறை கூறுவானேன்? எங்கள் சங்கத்து அலுமாரியும் இத்தகையதே. அதனைத் திறந்து வைக்கவேண்டுமென இளைஞர் சிலர் கேட்டதும், நூல்கள் களவுபோகுமென மூத்தோர் சிலர் அஞ்சியதும், விடயம் முடிவு காணாது ஒத்திவைக்கப்பட்டதும் சங்கத்தார் யாவரும் அறிந்தவை. இவ்விரு சாராருக்கும் விடை சொல்லக்கூடிய ஒரு வாழ்க்கை உண்டு. அதனையே இம்மலரில் எழுத முற்பட்டோம். அது நூல்நிலையத் துறையின் தந்தையென இந்தியாவில் போற்றப்படும் பேராசிரியர் இரங்கநாதனின் வாழ்க்கை.

அந்நாளில் தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த சீகாழி, திருஞானசம்பந்தர் ஞானப்பால் உண்டருளிய பதி. அத்திருப்பதியில் 1892-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 12-ஆம் நாள் இரங்கநாதன் பிறந்தார். தந்தையார் இராமாமிருத ஐயர் ஓரளவு நிலபுலம் உடையவர். அயலவரைக் கூட்டி இராமாயணம் சொல்லும் வழக்கமுடையவர். மகனுக்கு ஆறு வயதாயிருக்கும்போதே அவர் காலமானார். சீகாழியிலுள்ள சபாநாயக முதலியார் இந்து உயர்நிலைப் பள்ளியிற் பயின்ற சிறுவர், பின்பு சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் சேர்ந்து கணிதம் கற்றார். அங்கே கணிதப் பேராசிரியராயிருந்த எட்வேட் றொஸ் என்பவர் இவருக்கு ஆசிரியராக மாத்திரமன்றி, வாழ்நாள் முழுவதும் நினைந்து போற்றத்தக்க வழிகாட்டியாகவும் அமைந்தார். 1913-இற் கலைமாணிப் பட்டமும் 1916-இல் முதுகலைப் பட்டமும் பெற்றார்.

இளமையில் இவருக்குத் திக்குவாய் இருந்தது. திக்கிப் பேசும் ஒருவர் ஆசிரியத் தொழிலை மேற்கொள்வது எளிதன்று. எனினும் அதனையே விரும்பி ஏற்று, 1917 முதல் மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் அரசினர் கல்லூரிகளிற் கணிதம் கற்பித்தார். பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தார். கற்பித்தலில் அவருக்கிருந்த பற்று பெரிது. ஊதியம் சிறிது.

1923-இல் சென்னைச் சர்வகலாசாலை தன் நூல்நிலையத்துக்கு ஒரு நூலகரை நியமிக்க விளம்பரம் செய்தது. ஏறக்குறைய 900 பேர் விண்ணப்பித்தனர். அவருள் ஒருவரேனும் நூல்நிலையப் பயிற்சி பெற்றவரல்லர். நண்பர் வற்புறுத்தலால் இரங்கநாதனும் விண்ணப்பித்தார். நேர்முகத்துக்குச் சில நாள் முன்பு கலைக்களஞ்சியமொன்றில் நூல்நிலையம் பற்றிய கட்டுரையைப் படித்ததே அவருக்கிருந்த முழு அறிவு. எனினும் அவரே தெரிவுசெய்யப்பட்டு, 1924 சனவரியிற் பதவியேற்றார்.

பதவியேற்றவர் மகிழ்ந்தாரோ எனின், இல்லை. மாணவர் கூட்டத்தின் நடுவே நின்று பழகியவருக்கு ஆளரவமற்ற நூற்கூடம் சிறைபோலத் தோன்றிற்று. நூல்கள் இருந்தன, நூல்களைத் தேடி வருவோர் அரிதாயிருந்தனர். சில நாள்களிலேயே பொறுக்கமாட்டாதவராய்ப் பழைய கல்லூரிக்கு ஓடித் தம் ஆசிரிய வேலையைத் திரும்பத் தருமாறு வேண்டினார். இலண்டன் சென்று நூல்நிலையக் கல்வி பயின்று வாரும். அதன் பின்னும் மனம் பொருந்தாவிடில் ஆசிரிய வேலை உமக்கு உண்டு என்ற இணக்கத்தின் பேரில் அவர் கப்பலேறினார். தமக்குப் பிடிக்காத வேலையிலிருந்து தப்பப் பார்த்த இவர்தாம் அவ்வேலைக்கே இலக்கணம் வகுக்கப் போகின்றவர் என அன்று எவர் அறிந்தார்?

இலண்டன் சர்வகலாசாலைக் கல்லூரியில் நூலகர் பள்ளியிலே பேர்விக் சேயர்ஸ் என்னும் அறிஞரிடம் பயின்றார். வகுப்பறையோடு அமையாது, நூற்றுக்கு மேற்பட்ட நூல்நிலையங்களை நேரிற் சென்று கண்டார். அங்கே தொழிலாளரும் வீட்டுப் பெண்களும் சிறுவரும் நூல்நிலையத்தினுள்ளே உரிமையோடு நுழைந்து, தட்டுகளுக்கிடையே நடந்து, தம் கையாலேயே நூலை எடுத்துப் பார்ப்பதைக் கண்டார். நூல்நிலையம் என்பது நூல்களைக் காக்கும் களஞ்சியமன்று, மக்களைத் தேடும் ஒரு பணி என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது. ஆசிரிய வேலையின் நினைவு மெல்ல அகன்றது. 1925-இல் தாயகம் திரும்பும் கப்பலிலேயே அங்கிருந்த சிறு நூற்றொகுதியைத் தம் புதிய முறைப்படி வகுத்துப் பார்த்தார் என்றால் அவருடைய ஆர்வத்தை என்னென்பது!

சென்னைக்கு வந்தவர் முதலிற் செய்தது தட்டுகளைத் திறந்துவிட்டதே. அதுவரை நூல் வேண்டியவர் ஒரு சீட்டில் நூற்பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். பெயர் தெரியாத நூலை எவ்வாறு கேட்பது? தான் அறியாத ஒன்றை அறிய வருபவனிடம், அதன் பெயரைச் சொல் என்பது நீதியாகுமா? இரங்கநாதன் வாசகரைத் தட்டுகளுக்கிடையே செல்லவிட்டார். திறந்திருக்கும் நேரத்தை நீட்டினார். வருவோரை எதிர்கொண்டு, அவர் தேடுவது யாதெனக் கேட்டுத் துணை செய்வதற்கென உதவியாளரை அமர்த்தினார். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் விடுமுறை என்பதே எடாது, நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் உழைத்தாரென்பர். தம் திருமண நாளிலும் சடங்கு முடிந்த பின் நூல்நிலையத்துக்கு வந்துவிட்டார் என்பது அவரைப் பற்றி வழங்கும் செய்தி. உடன் உழைத்தோரிடமும் அதே உழைப்பை எதிர்பார்த்தவராதலின், அவரிடம் பணியாற்றுதல் எளிதாயிருக்கவில்லை.

1928-ஆம் ஆண்டு சென்னை நூலகச் சங்கம் அவர் முயற்சியால் நிறுவப்பட்டது. அவ்வாண்டிலேதான் அவருடைய புகழ்பெற்ற ஐந்து விதிகளும் உருவாயின. நூல்நிலையங்களில் நடக்கும் எண்ணற்ற செயல்களையெல்லாம் கணிதத்திற் போலச் சில அடிப்படை விதிகளுள் அடக்கமுடியாதா என அவர் நெடுநாள் மனத்துள் உழன்றுகொண்டிருந்தார். ஒரு மாலை அவ்வழி வந்த பழைய ஆசிரியர் றொஸ், மாணவரின் கலக்கத்தைக் கேட்டு, முதல் விதியை ஒரே தொடரிற் சொல்லிவிட்டுப் போனாராம். அதன் பின் ஏனைய நான்கும் தாமாகவே வந்தன என்பர். 1931-இல் அவை நூலுருப் பெற்றன. ஐந்தெழுத்தை ஓதும் நமக்கு இவ்வைந்தினை நினைவில் வைத்தல் கடினமன்று. பொருளை மாத்திரம் எம் சொல்லில் ஈண்டுத் தருகின்றோம்.

முதலாவது, நூல் இருப்பது பயன்படுவதற்கே. ஐரோப்பாவில் இடைக்கால மடங்களில் நூல்களைச் சங்கிலியாற் பிணைத்து வைத்திருந்தனர். சங்கிலி போய்விட்டது, பூட்டு நிற்கின்றது. இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்கவேண்டும். செல்வர்க்கும் ஏழைக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும், நகரத்தார்க்கும் நாட்டுப்புறத்தார்க்கும், கண்ணில்லாதவர்க்கும் நோயாளிக்கும் சிறையிலிருப்போர்க்குங்கூட இவ்விதி பொருந்தும் என அவர் விரித்துரைத்தார். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் வேண்டும். நூல் வாய்பேசாதாகையால் அதற்காக வாசகரைத் தேடுவது நூல்நிலையத்தின் கடன். நான்காவது, வாசகரின் நேரத்தை வீணாக்கலாகாது. ஐந்தாவது, நூல்நிலையம் உயிருள்ள பொருள்போல வளர்ந்துகொண்டே இருப்பது. வளர்ச்சி நின்றால் அது வெறுங் கட்டிடம்.

இவ்விரண்டாம் விதியை நாம் ஆழ்ந்து நோக்குதல் நன்று. படிக்கும் சுதந்திரம் என்றவுடன், அரசர் நூலைத் தடைசெய்வதும் தீயிலிடுவதுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவை கொடியனவே. ஆயினும் தடை விதிக்கும் கட்டளையொன்று இல்லாமலே ஒருவனைப் படிக்காமற் செய்யலாம். அவன் ஊரில் நூல்நிலையம் இல்லாதிருந்தாற் போதும். இருந்தும் பூட்டியிருந்தாற் போதும். திறந்திருந்தும், உனக்கு இது எதற்கு என்று ஒருவர் ஏற இறங்கப் பார்த்தாற் போதும். இவ்வாறு தடுக்கப்பட்டவன், தான் தடுக்கப்பட்டதையே அறியான். இரங்கநாதனின் வாழ்க்கை முழுவதும் இவ்வகைத் தடைகளோடு நடந்த போராட்டம் எனலாம்.

நாட்டுப்புறத்தார் நகரத்து நூல்நிலையத்துக்கு வரமுடியாதெனின், நூல்நிலையம் அவரிடம் போகவேண்டும். 1931-இல் மன்னார்குடிப் பகுதியில் மேலவாசல் என்னும் கிராமத்தில் மாட்டுவண்டியில் நூல்களை அடுக்கி ஊரூராகக் கொண்டுசெல்லும் நடமாடும் நூல்நிலையம் தொடங்கப்பெற்றது, தொடங்கிவைத்தவர் இரங்கநாதன். நெல் ஏற்றும் வண்டியில் நூல் ஏறிச் சென்ற காட்சியை நினைக்குந்தோறும் நெஞ்சு நெகிழ்கின்றது.

நூல்கள் பல்கினால், வேண்டியதைக் கண்டுபிடிப்பதெப்படி? இலண்டனில் ஒரு பெருங்கடையிலே சிறுவர்க்கான விளையாட்டுக் கருவியொன்றை அவர் கண்டார். துளையிட்ட சில இரும்புத் தகடுகளையும் ஆணிகளையும் மாற்றி மாற்றிப் பூட்டினால் ஒருமுறை வண்டியாகும், மறுமுறை பாலமாகும். எந்தப் பொருளையும் அவ்வாறே சிறு கூறுகளாகப் பிரித்துப் பின் சேர்க்கலாமன்றோ என்று அவருக்குத் தோன்றியது. நெற்பயிரில் வரும் நோயைத் தடுப்பது பற்றி ஒரு நூல் இருக்கின்றதென வைத்துக்கொள்வோம். பயிர் இன்னது, நோய் இன்னது, செயல் இன்னது, நாடு இன்னது, காலம் இன்னது என ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி. குறிகளை முக்காற்புள்ளி போன்ற அடையாளங்களால் இணைத்தால் நூலின் இடம் தெரிந்துவிடும். இதுவே 1933-இல் வெளிவந்த அவருடைய கோலன் பகுப்பு முறை. கற்பதற்குக் கடினமாயிருந்தமையால் இதனை முழுமையாகப் பின்பற்றிய நூல்நிலையங்கள் சிலவே. ஆனால் ஒரு பொருளைப் பல முகங்களாகப் பிரித்து நோக்கும் அவருடைய கருத்து, உலகெங்கும் நூல்களையும் செய்திகளையும் ஒழுங்குசெய்யும் அறிஞர் யாவரையும் தொட்டுச் சென்றது.

1944-ஆம் ஆண்டளவிற் சென்னைப் பதவியைவிட்டு நீங்கிய அவரை, காசி இந்து சர்வகலாசாலையின் துணைவேந்தராயிருந்த இராதாகிருட்டிணன் அழைத்தார். அங்கே ஏறக்குறைய ஓரிலட்சம் நூல்களைத் தாமே பகுத்து ஒழுங்குசெய்தார். 1947 முதல் தில்லிச் சர்வகலாசாலையிற் பணியாற்றினார். நூல்நிலையம் செல்வர் இடும் பிச்சையாக இராது, சட்டத்தால் மக்களுக்கு உரித்தாகவேண்டும் என்பது அவரது நெடுநாட் கொள்கை. அதற்கென 1930-இலேயே மாதிரிச் சட்டமொன்றை வரைந்திருந்தார். பதினெட்டு ஆண்டுகளின் பின் அம்முயற்சி கனிந்தது. 1948-ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவில் எழுந்த முதலாவது நூலகச் சட்டமாகும். சொத்து வரியோடு ஒரு சிறு நூலக வரியும் அதனால் ஏற்பட்டது. தம் வரிப்பணத்தில் நடக்கும் நூல்நிலையத்துள் எவரும் தலைநிமிர்ந்து நுழையலாமன்றோ?

பொருளை அவர் தமக்கெனச் சேர்த்தவரல்லர். வாழ்நாட் சேமிப்பான ஓரிலட்சம் ரூபாவைச் சென்னைச் சர்வகலாசாலைக்கு நன்கொடையாக அளித்தார். அதனைக் கொண்டு துணைவியார் சாரதையின் பெயரும் தம் பெயரும் இணைந்த நூலகவியற் பேராசிரியர் பதவி ஏற்பட்டது. 1957-இல் இந்திய அரசு பத்மசிறீ விருதும், 1965-இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் என்னும் மதிப்பும் அளித்தது. இறுதிக் காலத்திற் பெங்களூரில் வாழ்ந்து, 1962-இல் அங்கு ஓர் ஆராய்ச்சிப் பயிற்சி நிலையத்தையும் தோற்றுவித்தார். 1972 செப்டெம்பர் 27-ஆம் நாள் அந்நகரிற் காலமானார். அவர் பிறந்த ஆகஸ்டு 12-ஆம் நாளை இந்தியாவில் நூலகர் நாளாகக் கொண்டாடுகின்றனர்.

இலங்கைத் தமிழராகிய நமக்கும் அவருக்கும் ஒரு தொடர்புண்டு. 1933-இல் அச்சுவேலி க. மு. செல்லப்பா என்னும் பெருமகனார் தம் வீட்டிலிருந்த நூல்களை அயலவர்க்குப் படிக்கக் கொடுக்கத் தொடங்கினார். அந்தச் சிறு விதையே முளைத்து யாழ்ப்பாணப் பொது நூல்நிலையமாக வளர்ந்தது. அதற்கு ஒரு நல்ல கட்டிடம் அமைக்க எண்ணிய பெரியோர், 1950-களில் இரங்கநாதனின் ஆலோசனையை நாடிப் பெற்றனர். கலைமகள் முன்னே வீற்றிருக்க, வெண்மாடம் போன்ற அக்கட்டிடம் 1959-இல் திறந்துவைக்கப்பட்டது. எத்தனை ஏழைப் பிள்ளைகள் அதன் நீண்ட மேசைகளிலே அமர்ந்து கற்று முன்னேறினர்!

1981-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் இரவு தொடங்கிய வெறியாட்டத்தில் அந்நூல்நிலையம் தீயிட்டுக் கொளுத்தப்பட்டது. 97,000 வரையிலான நூல்களும், மீண்டும் பெறவியலாத ஏட்டுச் சுவடிகளும் சாம்பராயின. இரங்கநாதன் அப்போது இவ்வுலகில் இல்லை. பின்னர் அக்கட்டிடம் திருத்தியமைக்கப்பட்டு, இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் மீண்டும் வாசகரை வரவேற்றது. ஆனால் எரிந்த சுவடியைத் திருத்தியமைப்பார் யார்?

அத்தீயை நினைந்து நாம் கண்ணீர் விடுகின்றோம், விடத்தான் வேண்டும். ஆயினும் நம்மை நாமே ஒரு கேள்வி கேட்டல் கடமை. பிறர் எரித்த நூலுக்காக அழும் நாம், எரியாமல் எஞ்சிய நூலை என்ன செய்கின்றோம்? சாம்பரான நூலை எவராலும் படிக்கமுடியாது. பூட்டிய அலுமாரியிற் கறையான் வாய்ப்பட்ட நூலையும் எவராலும் படிக்கமுடியாது. முன்னது பகைவர் செய்தது. பின்னது நாம் செய்வது.

மூத்தோரின் அச்சத்தை நாம் எள்ளவில்லை. அரும்பாடுபட்டுப் பணம் திரட்டி அந்நூல்களை வாங்கியவர்கள் அவர்களே. திறந்து வைத்தாற் சில நூல்கள் காணாமற் போதல் கூடும். தட்டுகளைத் திறந்த நூல்நிலையங்கள் யாவும் அறிந்த உண்மை அது. ஆனால் ஒரு நூல் காணாமற் போனால் ஒரு நூலே நட்டம். எல்லாவற்றையும் பூட்டிவைத்தால் எல்லா நூல்களும் நட்டம். இந்தக் கணக்கு விளங்கக் கணிதப் பேராசிரியர் வேண்டியதில்லை.

இளைஞர்க்கும் ஒரு சொல். அலுமாரி திறந்தாற் போதாது, தேடத் தெரியவேண்டும். இந்நாளிற் கைப்பேசியைத் தட்டினால் ஆயிரம் செய்திகள் கொட்டுகின்றன. எழுதியவர் யார், எந்த ஆண்டில் எழுதினார், எதனைக் கண்டு எழுதினார் என்று கேளாது அனைத்தையும் நம்புபவன், பூட்டிய அலுமாரியின் முன் நிற்பவனிலும் இரங்கத்தக்கவன். நூற்பட்டியலைப் பார்க்கவும், ஒன்றோடொன்றை ஒப்புநோக்கவும், தெரியாததைத் தெரிந்தவரிடம் நாணாது கேட்கவும் பழகுதல் வேண்டும். இரங்கநாதனே, நூல்நிலையம் பற்றி ஒரு கட்டுரை மாத்திரம் படித்தவராகத் தொடங்கியவரல்லவா?

ஆகவே எம் வேண்டுகோள் சிறியது. வருகின்ற விசயதசமியன்று பூசையில் வைத்த நூல்களை எடுக்கும்போது அலுமாரிப் பூட்டையும் எடுத்துவிடுவோம். வாயிலருகே ஒரு மேசையும் ஒரு கதிரையும் இடுவோம். மாலைதோறும் இளைஞர் ஒருவர் முறைவைத்து அங்கிருந்து, எடுத்துச் செல்வோர் பெயரைக் கொப்பியில் எழுதட்டும். தேடி வருவோர்க்குத் துணை செய்யட்டும். மூத்தோர் ஒருவர் அருகிருந்து நல்ல நூலை அறிமுகம் செய்யட்டும். ஓராண்டு நடத்திப் பார்ப்போம். அடுத்த மலர் வெளிவரும்போது, காணாமற் போன நூல்கள் எத்தனை, படிக்கப்பட்ட நூல்கள் எத்தனை என இரு கணக்கையும் இதே பக்கத்தில் வெளியிடுவோம். எக்கணக்கு பெரிதென அன்று சங்கத்தார் யாவருமே கண்டுகொள்ளலாம்.